வசூலுக்குப் போவது யார்?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் நான்காவது சீசனில் ஒரு காட்சி. வெஸ்டெரோஸின் அரியணைக்கு உரிமை கொண்டாடும் ஸ்டானிஸ் பராத்தியன், கடன் கேட்டுக் கடல் தாண்டி பிராவோஸ் நகரத்து இரும்பு வங்கிக்கு வருகிறார். பெரிய வெற்றுக் கூடம், உட்கார ஒரு பெஞ்சு. மன்னர் காத்துக் கிடக்கிறார். ஒரு வழியாக வந்து உட்காரும் வங்கி ஆள் டைக்கோ நெஸ்டோரிஸ், அரச ரத்தம், வாரிசுரிமை எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. உங்கள் தீவில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், கோதுமை எவ்வளவு விளைகிறது, பார்லி எவ்வளவு, கால்நடை எத்தனை என்று கேட்கிறார். பயிர்க்கடனுக்குப் போனவரிடம் சிட்டாவும் அடங்கலும் கேட்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் அதே குரல்.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. எல்லா அரசர்களும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த வாசலுக்குச் சொந்தமான நகரத்தில் கப்பல் உண்டு, பொன் உண்டு, காசு கொடுத்தால் யாரையும் தடயமில்லாமல் கொல்லும் கொலைஞர் கூட்டமும் உண்டு. அப்படியிருக்க அது ஏன் உலகத்தையே ஆளக் கூடாது? மிகுபுனைவு படிப்பவர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது. விடை தேட கற்பனை உலகத்தை மட்டும் துழாவினால் போதாது. இப்படிப்பட்ட நகரங்கள் ஐரோப்பாவில் உண்மையாகவே இருந்தன. அவை எழுதிவைத்த கணக்குப் புத்தகங்களில் பலவும் இன்றும் இருக்கின்றன.

பணம் பாதாளம் வரை பாயும் என்போம். பாயட்டும், பாதாளத்திலிருந்து அது வட்டியோடு மேலே ஏறி வருவது எப்படி என்பதைப் பழமொழி சொல்வதில்லை. இந்தக் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கடன் கொடுக்க எந்தப் பணக்காரனாலும் முடியும். படை வைத்திருக்கும் ஒருவனிடம் வசூலுக்குப் போவது யார்?

முதலில் பிராவோஸையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996 முதல் எழுதிவரும் நாவல் வரிசையில் இது தப்பி ஓடிய அடிமைகள் கட்டிய நகரம். டிராகன்களை வைத்து உலகை ஆண்ட வலீரியாவின் அடிமைக் கப்பல்களைக் கைப்பற்றியவர்கள், மூடுபனி சூழ்ந்த ஒரு காயலில் போய் ஒளிந்துகொண்டார்கள். நூறாண்டுக்கும் மேலாக அப்படி ஓர் ஊர் இருப்பதே வெளியுலகுக்குத் தெரியாது. பிறகுதான் தன் முகத்தைக் காட்டியது. தீவுகளும் கால்வாய்களும், தேர்ந்தெடுக்கப்படும் தலைவர், ஒரே நாளில் ஒரு போர்க்கப்பலைக் கட்டி முடிக்கும் கப்பல்துறை என்று எல்லாவற்றிலும் வெனிஸின் சாயல் வெளிப்படை. வங்கியில் மட்டும் ஜெனோவாவும் ஃபுளோரன்ஸும் கலந்திருக்கின்றன.

இந்த நகரம் தன் அண்டையை அடக்கி வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து நகரமான பெந்தோஸ் பிராவோஸிடம் பலமுறை போரில் தோற்று, அடிமை வியாபாரத்தைக் கைவிடவும் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டது. அதைச் சாதித்தவை கப்பல்கள். வங்கிக்கு அதில் நேரடிப் பங்கில்லை. முகமற்றவர்கள் என்ற கொலைஞர் கூட்டத்தையும் வங்கியின் அடியாட்கள் போல வாசகர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். நாவலில் அவர்கள் தனிக் கோயில், தனிக் கொள்கை கொண்டவர்கள். கேட்கும் கூலியும் சாதாரணமானதல்ல. ஒவ்வொரு வாராக்கடனுக்கும் அவர்களை அனுப்பினால் வங்கி போண்டியாகிவிடும்.

இன்னொரு விவரம் பலர் கண்ணில் படுவதில்லை. முதல் நாவலில் வெஸ்டெரோஸ் அரசின் கடன் அறுபது லட்சம் பொற்காசுக்கு மேல் என்று தெரியவருகிறது. அதில் முப்பது லட்சம், அரசி செர்சியின் தந்தை டைவின் லானிஸ்டருக்குக் கொடுக்க வேண்டியது. இரும்பு வங்கி மிச்சத்தில் ஒரு பங்குக்காரர்தான். பெரிய கடன்காரர் உள்ளூர் மாமனார். அவரிடம் சொந்தப் படை இருக்கிறது. அவருடைய வீட்டார்தான் நாட்டை ஆளவும் செய்கிறார்கள். மார்ட்டின் தெரிந்து எழுதினாரோ தெரியாமல் எழுதினாரோ, கேள்விக்குப் பாதி விடை இந்தத் தொகையில் இருக்கிறது.

படையில்லாத கடன்காரருக்கு என்ன நேரும் என்று அறிய இங்கிலாந்துக்குப் போகலாம். முதலாம் எட்வர்டுக்கு இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி குடும்பம் கடன் கொடுத்தது. 1294இல் பிரான்சோடு போர் மூண்டபோது கேட்ட பணம் அவர்களால் புரட்ட முடியவில்லை. மன்னர் அவர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தார். அந்த இடத்துக்கு ஃபுளோரன்ஸின் ஃப்ரெஸ்கோபால்டி குடும்பம் வந்தது. 1311இல் அவர்களும் நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். இரண்டையும் பார்த்த பிறகும் அதே ஃபுளோரன்ஸிலிருந்து பார்டி, பெரூஸி என்ற இரு பெரும் நிறுவனங்கள் மூன்றாம் எட்வர்டுக்குக் கடன் கொடுத்தன. அவரோ 1337இல் பிரான்சோடு நூற்றாண்டுப் போரைத் தொடங்கிவிட்டார். பெரூஸி 1343இலும் பார்டி 1346இலும் கவிழ்ந்தன.

முட்டாள்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வட்டியைவிட ஆங்கிலக் கம்பளி. ஃபுளோரன்ஸின் நெசவுத் தொழில் அதை நம்பியிருந்தது. ஏற்றுமதி உரிமம் மன்னர் கையில். கடன் கொடுத்தால் கம்பளி கிடைக்கும். கொடுத்த கடன் மூழ்காமலிருக்க மேலும் கடன் கொடுக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது மாறிப்போகும். மன்னர் பார்டிக்கு 9 லட்சம் ஃபுளோரினும் பெரூஸிக்கு 6 லட்சமும் பாக்கி வைத்தார் என்று எழுதியவர் ஜொவான்னி வில்லானி. தொகை மிகை என்றும், ஃபுளோரன்ஸ் நடத்திய போர்களும் தானிய வணிகச் சரிவும் சேர்ந்தே இந்த நிறுவனங்களைச் சாய்த்தன என்றும் பிற்கால ஆய்வாளர் எட்வின் ஹன்ட் வாதிட்டார். வில்லானி நடுநிலைச் சாட்சியும் அல்ல. தானே வங்கித் தொழிலில் பங்குதாரராக இருந்து, நிறுவனம் திவாலானதில் சிறைக்குப் போனவர். நொடித்த பங்குதாரர் எழுதும் வரலாற்றில் கடன் வாங்கியவர் கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரிவார்.

மெடிச்சி குடும்பம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு தொடங்கியது. 1397இல் வங்கியை நிறுவிய ஜொவான்னி தி பிச்சி, மன்னர்களைவிடத் திருச்சபையை நம்பினார். போப்பின் வங்கியர் என்ற இடத்தில் ஒரு விசித்திரமான வசூல் ஆயுதம் கைக்கு வந்தது: பாக்கி வைத்த ஆயரைச் சபைவிலக்கு செய்துவிடுவதாக மிரட்டலாம். நரகம் என்ற அச்சத்தைப் பேரேட்டோடு இணைத்த ஏற்பாடு இது. கற்பனைக் கொலைஞரைவிடச் செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் ஆயுதம் போப்புடையது. கொள்ளுப்பேரன் காலத்தில் போப்புடன் உறவு முறிந்ததும் ஆயுதமும் போயிற்று. லண்டன் கிளை நான்காம் எட்வர்டுக்குக் கொடுத்த கடனில் சிக்கியது; புரூஜ் கிளையின் தொம்மாஸோ போர்த்தினாரி பர்கண்டியின் சார்ல்ஸை நம்பிக் கொட்டினார், சார்ல்ஸ் 1477இல் போர்க்களத்தில் செத்துப்போனார். 1494இல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்த ஆண்டிலேயே வங்கி மறைந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் தோல்விக் கதைகள். இவற்றோடு நிறுத்திக்கொண்டால் விடை சுலபம்: முடியாது. ஆனால் ஜெனோவா இருக்கிறது. இந்தக் கேள்வியை ஆராய்கிறவர் அதிக நேரம் தங்க வேண்டிய ஊர் அதுதான்.

16ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி. ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்கு அமெரிக்காவிலிருந்து வெள்ளி வருகிறது, ஆனால் ஆண்டுக்கொருமுறை கப்பல் வந்தால்தான். ஃபிளாண்டர்ஸில் கலகத்தை அடக்கும் படைக்கோ மாதாமாதம் சம்பளம் வேண்டும், அதுவும் தங்கமாக, அதுவும் ஆண்ட்வெர்ப்பில். செவில் துறைமுகத்து வெள்ளியை ஆண்ட்வெர்ப் படைமுகாமின் தங்கமாக மாற்றித் தரும் திறமை ஜெனோவாவின் சில குடும்பங்களிடம் இருந்தது. உண்டியல் தாள்களும் சந்தைகளும் ஊருக்கு ஊர் உறவினர்களும் கொண்ட அமைப்பு அது. உலகின் மிகப் பெரிய சாம்ராஜ்யம் ஒரு சிறு நகரத்தின் தபால் பைகளை நம்பி நின்றது.

1575 செப்டம்பரில் பிலிப் பணம் கொடுப்பதை நிறுத்தினார். ஜெனோவாக்காரர்கள் படையெடுக்கவில்லை, கொலைஞரை அனுப்பவில்லை. ஃபிளாண்டர்ஸுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மன்னர் வேறு வங்கியர்களைத் தேடினார். அத்தனை பெரிய தொகையை அத்தனை தூரம் கொண்டுசேர்க்க அவர்களால் ஆகவில்லை. சம்பளமில்லாத சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 1576 நவம்பர் 4 அன்று ஸ்பெயினின் சொந்தப் படையே ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதே வாரத்தில் நெதர்லாந்தின் மாகாணங்கள் ஒன்று சேர்ந்து ஸ்பானியப் படை வெளியேற வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. 1577 டிசம்பரில் மன்னர் வங்கியர்களோடு சமரசத்துக்கு வந்தார். மார்ட்டினின் நான்காம் நாவலில் செர்சி தவணையைத் தள்ளிப்போட, இரும்பு வங்கி புதுக் கடனை நிறுத்தி, பழைய கடன்களைத் திருப்பிக் கேட்டு, நாட்டின் வணிகத்தையே மூச்சுத் திணற வைக்கிறதே, அது புனைவுக்காக ஊதிப் பெருக்கியதல்ல.

ஜெனோவாவால் இது எப்படி முடிந்தது? மொரீசியோ டிரெலிக்மன், ஹான்ஸ் யோக்கிம் ஃபோத் என்ற இரு பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பிலிப்பின் கடன் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிலிப் தம் ஆட்சியில் நான்குமுறை கை விரித்தவர். இருந்தும் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் மொத்தத்தில் லாபமே பார்த்தார்கள் என்பது அவர்கள் கண்டது. காரணம், கட்டுக்கோப்பு. ஒருவருக்கொருவர் கொண்டான் கொடுத்தான் உறவுள்ள குடும்பங்கள். சேர்ந்தே கடன் கொடுத்தவை. மன்னர் ஒருவரை மட்டும் தனியே அழைத்துச் சலுகை காட்டி மற்றவரை ஏமாற்ற முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தவை. வசூலுக்குப் போனது வாள் அல்ல. 'அடுத்த கடன் கிடையாது' என்ற ஒரே பதில், எல்லா வாயிலிருந்தும் ஒரே நேரத்தில்.

ஆனால் இந்த வெற்றியின் எல்லையையும் பார்க்க வேண்டும். ஜெனோவா பிலிப்பைக் கட்ட வைத்தது, கேட்க வைத்ததா? ஃபிளாண்டர்ஸ் போரை நிறுத்து என்று அது சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை. இன்னும் சொன்னால், போர் நின்றால் கடன் வியாபாரமும் நின்றுவிடும். கடன் கொடுத்தவனுக்கு மன்னன் சாகவும் கூடாது, நிம்மதியாக இருக்கவும் கூடாது. இப்படிப்பட்ட பிடியை ஆட்சி என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடிவாளத்தைப் பிடிப்பதற்கும் கொள்ளுப் பையைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

1519 தேர்தலையும் இதே தராசில் வைக்கலாம். புனித ரோமப் பேரரசர் பதவிக்கு ஐந்தாம் சார்ல்ஸைத் தேர்ந்தெடுக்க வைக்கச் செலவான சுமார் எட்டரை லட்சம் ஃபுளோரினில் 5,43,000 ஃபுளோரினைக் கொடுத்தவர் ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர். எதிர்த்து நின்றவர் பிரான்ஸ் மன்னர். ஒரு வங்கியர் இரண்டு அரசர்களுக்கு நடுவே தேர்ந்தெடுத்த அபூர்வத் தருணம். செர்சியை விட்டு ஸ்டானிஸைப் பிடிக்கும் இரும்பு வங்கிக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி இல்லை. நான்காண்டுக்குப் பிறகு ஃபுக்கர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், என் உதவியில்லாமல் இந்த மகுடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது என்று நினைவூட்டிப் பாக்கியைக் கேட்கிறார். துணிச்சலான கடிதம் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். நினைவூட்ட வேண்டிவந்தது என்பதுதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

சரி, கடன் கொடுப்பதோடு நிற்காமல் வங்கியே நிலத்தை எடுத்து ஆண்டால்? அதையும் ஜெனோவா செய்து பார்த்துவிட்டது. நகரத்தின் கடன்களை நிர்வகிக்க 1407இல் உருவான சான் ஜார்ஜோ நிறுவனம், 1453இல் கோர்சிகா தீவையும் கருங்கடல் குடியேற்றங்களையும் அரசிடமிருந்து வாங்கித் தானே ஆளத் தொடங்கியது. அரசுக்குள் இன்னோர் அரசு என்று மாக்கியவெல்லியே வியந்தார். நகரம் முழுவதும் இதன் கைக்கு வந்தால் வெனிஸையும் மிஞ்சும் குடியரசு பிறக்கும் என்று எதிர்பார்த்தார். நடந்தது வேறு. கருங்கடலின் காஃபா 1475இல் ஒட்டோமான் கைக்குப் போனது. கோர்சிகாவில் கலகம் மேல் கலகம். 1562இல் வங்கி தீவை அரசிடமே திருப்பிக் கொடுத்தது. கணக்குப்பிள்ளைகளுக்கு மலைநாட்டுப் பகை புரியவில்லை. வசூலுக்கு வந்தவனை ஊர் ஆளவந்தவனாக ஏற்பதில்லை. கடைசியில் ஜெனோவா 1768இல் தீவைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டு அங்கே ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை நெப்போலியனாக வளர்ந்து ஜெனோவாவைத் தன் பேரரசில் சேர்த்த 1805ஆம் ஆண்டில்தான் சான் ஜார்ஜோ வங்கியும் மூடப்பட்டது. ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் மிகவும் செயற்கை என்று நாமே சொல்லியிருப்போம்.

ஆக்ஸ்பர்க்கின் வெல்ஸர் குடும்பத்துக்கு சார்ல்ஸ் 1528இல் வெனிசுவேலாவை ஆளும் உரிமை தந்தார். பொன் தேடிக் காட்டில் அலைந்ததுதான் மிச்சம். 1546இல் அந்தக் குடும்பத்து இளைஞர் ஒருவரின் தலையே அங்கே வெட்டப்பட்டது.

தமிழருக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, அந்த டெல்டாவைக் காட்டிலிருந்து நெல் வயலாக மாற்றிய மூலதனத்தில் பெரும்பங்கு நாட்டுக்கோட்டை நகரத்தாருடையது. ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடியும் பேரேடுமாக இருந்த அந்த வலைப்பின்னலும் ஜெனோவாவைப் போலவே உறவாலும் நம்பிக்கையாலும் கட்டப்பட்டது. மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை ஒன்றாக நிர்ணயிப்பார்கள். அவர்கள் நிலத்தை விரும்பியவர்கள் அல்லர்; பணம் சுழல வேண்டும், வயலில் முடங்கக் கூடாது என்பதே தொழில் தர்மம். ஆனால் 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பாமல் அடமானம் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது; 1937இல் அது 25 சதவீதம். கணக்கில் பார்த்தால் ஒரு நாட்டின் உணவுக் களஞ்சியத்தில் கால் பங்கு. உண்மையில் அது அவர்கள் வீழ்ச்சியின் தொடக்கம். பேரேட்டில் இருந்தவரை கண்ணுக்குத் தெரியாதவர்கள், வயலுக்குச் சொந்தக்காரர் ஆனதும் ஊர்ப்பகையின் முகமானார்கள். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது கிளம்ப வேண்டியதாயிற்று. விடுதலை பெற்ற பர்மா 1948இலேயே நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. 1960களில் எஞ்சியதும் போனது. அந்தப் பணத்தைக் காத்து நின்ற படை ஆங்கிலேயருடையது. அது போனதும் பத்திரங்கள் வெறும் தாளாயின.

எதிர்த் தரப்பின் வலுவான சாட்சி வெனிஸ். 1201இல் சிலுவைப் போர் வீரர்கள் 33,500 பேரைக் கப்பலில் கொண்டுசெல்ல 85,000 மார்க் வெள்ளி தருவதாக வெனிஸோடு ஒப்பந்தம் செய்தார்கள். நகரம் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டுக் கப்பல் கட்டியது. வந்து சேர்ந்தவர்களோ மூன்றில் ஒரு பங்குதான். 34,000 மார்க் பாக்கி. கண் தெரியாத கிழவரான தலைவர் என்ரிக்கோ தாந்தலோ அந்தப் பாக்கியை எழுதித் தள்ளவில்லை, வழக்கும் போடவில்லை. கடன்பட்ட படையையே கூலிக்கு எடுத்ததுபோல் திருப்பிவிட்டார். முதலில் வெனிஸுக்கு அடங்காத ஸாரா நகரம். பிறகு 1204இல் கான்ஸ்டாண்டினோபிள். பேரரசில் எட்டில் மூன்று பங்கு வெனிஸுக்கு. நிலுவைத் தொகை ஒன்று சாம்ராஜ்யத்தை விழுங்கியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் வெனிஸ் தன் பங்கில் பெரும்பாலும் துறைமுகங்களையும் தீவுகளையும்தான் எடுத்துக்கொண்டது. உள்நாட்டை ஆளும் தலைவலியை லத்தீன் பேரரசர்களிடம் விட்டது. அவர்கள் கதி பரிதாபம். கடைசிப் பேரரசர் இரண்டாம் பால்ட்வின் காலத்தில், கிறிஸ்துவின் முள்முடி என்று போற்றப்பட்ட புனிதப் பொருள் வெனிஸ் வணிகரிடம் அடகுக்குப் போனது. பிரான்சின் ஒன்பதாம் லூயி மீட்டார். பிறகு பால்ட்வின் தன் சொந்த மகன் பிலிப்பையே வெனிஸ் வணிகர்களிடம் பணயமாக வைத்தார். நகை அடகுக் கடையில் இளவரசன்! இத்தனையும் செய்தும் 1261இல் அந்தப் பேரரசு இல்லாமல் போனது. கூடவே வெனிஸின் தனிச்சலுகைகளும் போய், போட்டி நகரமான ஜெனோவா உள்ளே வந்தது.

மார்ட்டினைத் தவிர மற்ற மிகுபுனைவு எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள்? ஹாரி பாட்டரின் கிரிங்காட்ஸ் வங்கி மந்திரவாதிகளின் பணம் முழுவதையும் வைத்திருக்கிறது. ஆனால் கொடுங்கோலர்கள் ஆட்சியைப் பிடித்ததும் அதன் சுதந்திரம் பறிபோகிறது. டெரி பிராட்செட் 2007இல் எழுதிய 'மேக்கிங் மணி' பொன்னிலிருந்து தாளுக்கு மாறுவதைக் கேலியாகச் சொல்கிறது, அங்கும் வங்கிக்குப் பின்னால் நகரத்தின் சர்வாதிகாரி நிற்கிறார். தீவிரமாக எழுதியவர்கள் இருவர். டேனியல் ஆப்ரஹாமின் 'த டாகர் அண்ட் த காயின்' ஐந்து நாவல்களில், மெடிச்சியை நினைவூட்டும் ஒரு வங்கியின் பெண் சித்ரின், போரை வாளுக்குப் பதில் கடன் பத்திரத்தால் எதிர்கொள்கிறாள். தங்கத்தை வைத்துக்கொண்டு தாளைச் சுழலவிடுகிறாள். சேத் டிக்கின்ஸனின் 'த ட்ரெய்ட்டர் பாரு கார்மரன்ட்' 2015இல் வந்தது. அதன் நாயகி ஒரு கணக்காளர். நாணயத்தின் மதிப்பை ஆட்டிவைத்து ஒரு மாகாணத்தின் பிரபுக்களைக் கட்டிப்போடுகிறாள். என் பார்வையில் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகத் தொட்ட நாவல் இதுதான். ஆனால் அவள் பேனாவுக்குப் பின்னால் சாம்ராஜ்யத்தின் கடற்படை இருப்பதை ஆசிரியர் ஒருபோதும் மறைப்பதில்லை.

கற்பனை உலகத்துக்கே உரிய சிக்கல்களும் இருக்கின்றன. சாகாத இனங்கள் வாழும் உலகில் கூட்டுவட்டி என்னவாகும் என்று போட்டுப் பார்த்தேன். பத்து சதவீதத்தில் ஒரு பொன், நூறாண்டில் 13,780 பொன்னுக்கு மேல். ஆயிரமாண்டு வாழும் கடன்காரருக்கு எந்த ராஜ்யத்தாலும் கட்டி முடிக்க முடியாது. ஒன்று அவர் தள்ளுபடி செய்யப் பழக வேண்டும், அல்லது ஊரார் அவரைச் சாகடிக்க வழி கண்டுபிடிப்பார்கள்.

வெஸ்டெரோஸில் குளிர்காலம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அறுவடையை நம்பிக் கொடுக்கும் கடன் எதுவும் அங்கே நிற்காது. எப்போது விளையும் என்றே தெரியாத நிலத்துக்கு என்ன தவணை எழுதுவது? பொன் வைத்திருந்தும் பசியால் சாகும் நாட்டில், தெற்கேயிருந்து தானியம் கொண்டுவரும் கப்பல்தான் நாணயம். வடக்கே சுவரில் காவல் காக்கும் ஜான் ஸ்னோ, இரும்பு வங்கி ஆளிடம் கேட்பது வாள் வாங்க அல்ல, உணவு வாங்க. பிராவோஸுக்கு உலகை ஆளும் வாய்ப்பு என்று ஒன்று இருந்தால் அது பெட்டகத்தில் இல்லை, களஞ்சியத்தில் இருக்கிறது. மார்ட்டின் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார் என்பது எனக்கு ஏமாற்றம்.

பிறகு டிராகன். அது ஒரு படை என்பதோடு நிற்காமல், அடமானம் எதையும் ஒரே மூச்சில் சாம்பலாக்கும் ஒன்று. டிராகன் வைத்திருப்பவனுக்குக் கூலிப்படையும் வேண்டாம், கூலிப்படைக்கான கடனும் வேண்டாம். 'அடுத்த கடன் கிடையாது' என்ற மிரட்டல் அவனிடம் செல்லாது. 2018இல் வெளியான 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில், திருடுபோன டிராகன் முட்டைகள் பிராவோஸுக்குப் போய்ச் சேர்கின்றன. முட்டை இருப்பதை நகரத் தலைவர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் டிராகனோடு பகை வேண்டாம் என்று வெஸ்டெரோஸின் வங்கிக் கடனில் தள்ளுபடி கிடைக்கிறது. இரும்பு வங்கி தள்ளுபடி செய்த கதை!

நிஜ உலகத்தில் டிராகனுக்கு ஈடு, வெடிகுண்டு ஏற்றிய கப்பல். ஜெனோவா ஸ்பெயினுக்குக் கப்பல் கட்டித் தருகிறது என்று கோபம் கொண்ட பதினான்காம் லூயி, 1684 மே மாதம் தன் கடற்படையை அனுப்பினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் நகரத்தில் விழுந்தன. மறு ஆண்டு ஜெனோவாவின் தலைவர் வெர்சாய் அரண்மனைக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. பதவியிலிருக்கும் தலைவர் நகரைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதையும் மீறித்தான் போனார். அரண்மனையில் எது உங்களை மிகவும் வியக்கவைத்தது என்று கேட்டதற்கு, நான் இங்கே நிற்பதுதான் என்றாராம்.

அப்படியானால் கடன் கொடுத்தவர்கள் நிலையாக ஆண்ட இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அங்கே அது வங்கி நகரமாக இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் பரிமாற்ற வங்கி 1609இல் தொடங்கியது. 1672இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் வந்து மக்கள் பதறி ஓடிவந்தபோதும் கேட்டவர்க்கெல்லாம் காசை எண்ணிக் கொடுத்தது. இருபதாண்டுக்கு முந்தைய தீ விபத்தில் கருகிய நாணயங்கள்கூட வெளியே வந்ததை ஆடம் ஸ்மித் குறிப்பிடுகிறார். காசு அப்படியே உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி. அதே 1672இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் கஜானாவை மூடி லண்டன் தங்கவணிகர்களுக்கு நாமம் போட்டார். இருபத்திரண்டு ஆண்டு கழித்து, 1694இல், அதே லண்டனில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து 12 லட்சம் பவுண்டை எட்டு சதவீத வட்டிக்கு அரசுக்குக் கொடுத்தது. இடையில் மாறியது, 1688க்குப் பிறகு வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. கடன் கொடுக்கும் வர்க்கமும் வரி விதிக்கும் வர்க்கமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. வசூலுக்கு இனி யாரும் வெளியிலிருந்து போக வேண்டியதில்லை. அந்தப் பணம் கட்டிய கடற்படை உலகைச் சுற்றியது. ஆனால் அதை யாரும் வங்கியின் ஆட்சி என்று அழைக்கவில்லை, பிரிட்டிஷ் ஆட்சி என்றுதான் அழைத்தார்கள்.

இரும்பு வங்கியின் கதையில் தொலைக்காட்சித் தொடர் நாவலைவிட ஒரு படி முன்னால் போய்விட்டது. 2011க்குப் பிறகு அடுத்த நாவல் வரவில்லை என்பதால் அதற்கு வேறு வழியும் இல்லை. கடன் வாங்கிய ஸ்டானிஸ் வடக்கே பனியில் தோற்றுச் செத்துவிட்டார். ஏழாவது சீசனில் செர்சி, கொள்ளையடித்த பொன்னால் பழைய பாக்கியை ஒரே தவணையில் தீர்க்கிறாள். மகிழ்ந்துபோன வங்கி மறுபடி அவளுக்கே பணம் தருகிறது. அந்தப் பணத்தில் கோல்டன் கம்பெனி என்ற கூலிப்படை கப்பலேறி வருகிறது. கடைசி சீசனில் டிராகன் ஒரு சுற்று வந்து கூலிப்படையையும் கோட்டையையும் கடன் வாங்கியவளையும் சேர்த்து முடித்துவிடுகிறது. புதிய அரசில் நிதிப் பொறுப்பு பிரான் என்ற முன்னாள் கூலிவீரனிடம் போகிறது. பழைய அரசின் கையெழுத்து புதிய அரசைக் கட்டுப்படுத்துமா என்று அவனிடம் கேட்க, பிராவோஸிலிருந்து ஒரு கப்பல் நிச்சயம் கிளம்பியிருக்கும். உள்ளே டைக்கோ நெஸ்டோரிஸ், மடியில் பேரேடு. அந்தக் காட்சியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.